மேட்ச் ஓடும்போதே போஸ்டர் போட்டு மாட்டினவங்க, இங்கே வாங்க

பீளமேட்டுக்காரன்:

கோவையில் நானும் ஒரு நண்பனும் சேர்ந்து கடைகளுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொடுக்கிறோம். ஆபீஸ் என்று சொல்லிக்கொள்வது பீளமேட்டில் ஒரு மொட்டைமாடி அறை. கிரைண்டர் கம்பெனி, இனிப்புக் கடை, மோட்டார் பம்பு விற்கிறவர் என்று ஏழெட்டு வாடிக்கையாளர்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, மேட்ச்சுல ஏதாச்சும் நடந்தா ஒடனே நம்ம கடை பேர்ல ஒண்ணு போட்டுடுங்க." அந்த 'ஒடனே' என்னைப் படுத்தின பாட்டைச் சொல்கிறேன். அப்புறம் நீங்கள் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

2023 ஐபிஎல் இறுதிப் போட்டி. அகமதாபாத்தில் மழை பெய்து ஆட்டம் மறுநாளுக்குப் போனது. அன்றைக்கும் மழை வந்து, சென்னைக்கு 15 ஓவரில் 171 என்று மாற்றினார்கள். கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். அப்போது மணி ராத்திரி ஒன்றரை இருக்கும். இனிப்புக் கடைக்கு இரண்டு லட்டு வைத்தோம். ஒன்றின் மேல் 6, இன்னொன்றின் மேல் 4, கீழே "கடைசி ரெண்டும் இனிப்பு". லட்டு ஏற்கெனவே சென்னை அணியின் மஞ்சள் என்பதால் நிறத்துக்கும் அலைய வேண்டியதில்லை. கால் மணி நேரத்தில் முடித்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரே டிக். மனுஷன் ஒன்பதரைக்கு நெட்டை அணைத்துவிட்டுப் படுக்கிறவர். போன் அடிக்கவும் தைரியம் இல்லை. அந்த நேரத்தில் மணி அடித்தால் ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று வீடே எழுந்து உட்காரும்.

காலையில் ஐந்தே முக்காலுக்கு, ரேஸ் கோர்ஸில் நடந்துகொண்டே கூப்பிட்டார். "நல்லா இருக்குதுங் தம்பி. ஆனா இத ராத்திரியே போட்டிருக்கோணுமில்ல?" அதற்குள் ஊரில் பாதிக் கடை மஞ்சள் பூசி முடித்திருந்தது.

இந்தத் தொழிலில் ஆளாளுக்குச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 2013 பிப்ரவரி 3, நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பவுல், அதாவது அமெரிக்கர்களின் கால்பந்து இறுதிப் போட்டி. நடுவில் ஸ்டேடியத்தில் கரண்டு போய் ஆட்டம் 34 நிமிஷம் நின்றது. அந்த இடைவெளியில் ஓரியோ, இருட்டிலும் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிடலாம் என்று ஒரு ட்வீட் போட்டது. பெருந்தொகை கொடுத்து ஒளிபரப்பின டிவி விளம்பரங்களை விட்டுவிட்டு ஜனங்கள் இதைப் பேசினார்கள். அதே சமயத்தில் நம்மூரில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லை. லேத் பட்டறை வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், யாருக்கும் பிஸ்கட் ஞாபகம் வந்திருக்காது.

அந்த ஓரியோ படத்தை டிசைனர் மின்னல் வேகத்தில் வரைந்தார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். விஷயம் வேறு. பிஸ்கட் கம்பெனி ஆட்களும் விளம்பர ஏஜென்சி ஆட்களும் அன்று ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி, போடு" என்று சொல்லக்கூடியவர் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தார். என்னுடைய ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதனால் அடுத்த மாதமே ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். விளையாட்டு வீரர் முகம் வராது, தோற்றவர்களைக் கேலி செய்ய மாட்டோம், சாமி, கட்சி, சாதி பக்கம் போக மாட்டோம், விலைக் குறைப்பு எதுவும் அறிவிக்க மாட்டோம். இந்த வேலிக்குள் எதைப் போட்டாலும் அவரை எழுப்ப வேண்டாம். கையெழுத்துக்கு மேலே அவரே ஒரு வரி சேர்த்தார்: "எழுத்துப் பிழை கூடாது." நியாயம்தான். முந்தின தீபாவளிக்கு அவர் கடைப் போஸ்டரில் 'மகிச்சி' என்று போட்டவர்கள் நாங்கள்.

காதர்பேட்டை நூல்கண்டு:

உங்களுக்கு லட்டுதான் போச்சுங்ணா. எனக்கு 800 பீஸ்.

திருப்பூரில் பத்து பவர் டேபிள், அதாவது பத்து தையல் மிஷின், வைத்து ஓட்டும் சின்ன யூனிட் எங்களுடையது. 2023 உலகக் கோப்பையில் இந்தியா தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்து ஃபைனலுக்கு வந்தது. மச்சான் ஒரு கணக்குச் சொன்னார். எல்லோரும் ஜெயித்த பிறகு அடிப்பார்கள், நாம் முன்னாடியே அடித்து வைத்துவிட்டால் அரை மணி நேரத்தில் சரக்கு கடையில் இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நீலத் துணியில் நெஞ்சு முழுக்க 'சாம்பியன்ஸ் 2023' என்று ஸ்கிரீன் பிரிண்ட் அடித்து, மடித்து, கவர் போட்டு, ஐம்பது ஐம்பதாகக் கட்டி வைத்துவிட்டோம்.

நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. செக்கிங் டேபிள் மேல் டிவி. கோலி போல்டானதும் அந்தப் பெரிய ஸ்டேடியம் எப்படி அடங்கியதோ, எங்கள் யூனிட்டும் அப்படியே அடங்கியது. டிராவிஸ் ஹெட் நூறைத் தாண்டினபோது மச்சான் டீ வாங்கிவருகிறேன் என்று போனவர்தான். திரும்பி வரவே இல்லை.

மறுநாள் கட்டிங் மாஸ்டர் ஒரு பீஸைப் பிரித்து டேபிளில் விரித்தார். திருப்பிப் போட்டுத் தடவிப் பார்த்தார். "ஏனுங்ணா, முன்பக்கம்தான் கெட்டுது. முதுகு நல்லாத்தான இருக்குது?" முதுகுத் துணியில் ரெண்டு வயசுக் குழந்தைக்கு ஒரு டவுசர் வந்தது. முன்பக்கம் அத்தனையும் பனியன் வேஸ்ட்டாகக் கிலோக் கணக்கில் போனது. ஐந்தாறு மாதம் கழித்து அவிநாசியில் பைக் செயின் மாற்ற ஒரு பட்டறையில் நின்றேன். மெக்கானிக் கிரீஸ் கையைத் துடைத்த துணியில் 'பியன்ஸ் 20' என்று இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது எதுவும் அச்சடிக்காத பனியனைத் தைத்து மட்டும் வைத்துக்கொள்கிறேன். மேட்ச் முடிந்ததும் எழுத்தை டிடிஎஃப் என்கிற ஒட்டும் பிலிமில் அடித்து, 150 டிகிரி சூட்டில் பதினைந்து விநாடி பிரஸ்ஸில் வைத்து எடுத்தால் ஒட்டிக்கொள்ளும். 2024 ஜூன் 29, டி20 உலகக் கோப்பையை இந்தியா ஜெயித்த ராத்திரி, அப்படித்தான் 300 பீஸ் போனது. கிரிக்கெட் வாரியச் சின்னம், கோப்பைச் சின்னம் எதுவும் வைப்பதில்லை. அதற்குக் காசு கட்டினவர்கள் வேறே இருக்கிறார்கள்.

ஒரு வருத்தமும் உண்டு. 2025இல் எங்கள் ஊர் அணியே, திருப்பூர் தமிழன்ஸ், தமிழ்நாட்டு அணிகள் மோதும் டிஎன்பிஎல் கோப்பையை வாங்கியது. ஆசையாக ஐம்பது அடித்தேன். பன்னிரண்டு விற்றது. பனியன் ஊரில் பனியன் விற்கப் பார்த்தது என் தப்பு.

ஓமலூர் பிளக்ஸ்:

எங்கள் பக்கம் இதெல்லாம் போனில் நடக்காது, பிளக்ஸில்தான் நடக்கும். காலடியில் நேராக இறங்கும் யார்க்கர் பந்துக்குப் பேர்போன சின்னப்பம்பட்டி நடராஜன் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து போடத்தான் போனார். 2020 டிசம்பர் 2 ஒருநாள் ஆட்டம், 4ஆம் தேதி டி20, 2021 ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். அவர் ஊர் திரும்பி, சாரட் வண்டியில் ஊர்வலம் வந்த நாளுக்கு முந்தின ராத்திரி என் மிஷின் நிற்கவே இல்லை. பாதிக்கு மேல் பிளக்ஸில் நடராஜன் தபால்தலை அளவு. வாழ்த்துகிற ரியல் எஸ்டேட்காரர் ஆறடி, கூலிங் கிளாஸோடு.

அந்தக் குவியலில் ஒன்றே ஒன்று இன்னும் மனசில் நிற்கிறது. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர் ஒருவர் கேட்டது. ஆள் படமே இல்லை. மூன்று ஸ்டம்பு, அதன் அடியில் ஒரு குழி, "யார்க்கர் மாதிரி நேரா எறங்கும்". அதை ரிக் வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு ஆந்திரா வரைக்கும் போய் வந்ததாகச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே அடித்துக்கொடுத்தேன். இப்போது யோசித்தால், அன்றைக்குச் சட்டப்படி பயமில்லாமல் தூங்கியிருக்கக் கூடியவரும் அவர் ஒருத்தர்தான்.

ஏனென்றால் அதே வருஷம் ஆகஸ்ட் 1, டோக்கியோவில் பி.வி. சிந்து வெண்கலம் வாங்கினார். வாழ்த்துச் சொல்கிறேன் என்று அவர் படத்தோடு தங்கள் லோகோவையும் ஒட்டிப் போட்ட கம்பெனிகளுக்கு அவருடைய நிர்வாக நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் விட்டது. ஆளுக்கு 5 கோடி கேட்கப்போவதாகப் பேப்பரில் வந்தது. அதைப் படித்த பிறகு, வீரர் படத்தோடு கடைப் பெயர் போட்டு யார் வந்தாலும் "பேச்ச மட்டும் வெச்சுக்கலாங்க, மூஞ்சி வேண்டாம்" என்கிறேன். பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போய் அடித்துக்கொள்கிறார்கள். போகட்டும்.

கோபி பேக்கரி:

நான் போஸ்டர் எல்லாம் போடவில்லை. கடைக்குள்ளேயே ஒரு போட்டி வைத்தேன். 2023 ஐபிஎல்லை ஜியோசினிமா இலவசமாக விட்ட வருஷம். இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 3.2 கோடிப் பேர் பார்த்தார்கள் என்று சொன்னார்களே, அந்த வருஷம்தான். கேபிளை நிறுத்திவிட்டு, நெட்டை இழுத்து டிவியில் போட்டேன். டீ குடிக்க வருகிறவர்கள் அடுத்த பந்து சிக்ஸர் என்று முன்கூட்டியே சொல்லி, அது சிக்ஸரும் ஆகிவிட்டால் ஒரு முட்டை பஃப்ஸ் இலவசம்.

முதல் நாள் நான்கு பஃப்ஸ் போனது. கூட்டமும் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி பார்த்தால் பாலிடெக்னிக் பையன்கள் ஐந்து பேர், சொன்னதெல்லாம் பலிக்கிறது. அறுபது பஃப்ஸ் போன பிறகுதான் ஒருத்தன் காதில் இருந்த இயர்போன் கண்ணில் பட்டது. வீட்டில் கேபிள் டிவி பார்க்கும் கூட்டாளியோடு லைனில் இருந்திருக்கிறான். நெட்டில் ஓடும் ஆட்டம் கேபிளைவிட அரை நிமிஷம் பின்தங்கி வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கடை டிவியில் பவுலர் ஓடிவரும்போதே அங்கே பந்து பவுண்டரிக்கு வெளியே கிடக்கிறது.

திட்டவும் மனசு வரவில்லை. "ஏன்டா கண்ணு, அந்தக் கூட்டாளிக்கு ஒரு பஃப்ஸாவது எடுத்துட்டுப் போனீங்களா?" என்று கேட்டேன். ஒருத்தனும் பதில் சொல்லவில்லை.

பீளமேட்டுக்காரன்:

@கோபி பேக்கரி, அண்ணா, சொல்லி ஜெயித்தால் பரிசு என்பது பந்தயம் மாதிரி ஆகிவிடும், பார்த்துக்கோங்க. ஆனால் அந்த அரை நிமிஷம் எங்களுக்கும் பாடம். நாங்களும் நெட்டில் பார்த்துத்தான் வேலை செய்துகொண்டிருந்தோம். கேபிள் இணைப்பு சொல்லியாச்சு.

கயிறு மில் கணக்கு:

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நார் மில்லில் கணக்கு எழுதுகிறேன். தமிழ் வேகமாக டைப் அடிப்பேன் என்பதால் மில்லின் ஃபேஸ்புக் பக்கமும் என் தலையில்தான். கயிறு மில்லுக்கு எதற்குப் பக்கம் என்று நானும் கேட்டிருக்கிறேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து, நடுவில் லோடு ஏறும் போட்டோ. அவ்வளவுதான் இருக்கும்.

அந்த 2024 டி20 உலகக் கோப்பை ஃபைனலில், கடைசி ஓவர் முதல் பந்தில் மில்லர் தூக்கி அடித்ததை சூர்யகுமார் எல்லையில் பிடித்தாரே. உள்ளே இருந்து மேலே தூக்கிப் போட்டு, வெளியே போய், திரும்ப உள்ளே வந்து பிடித்தது. அந்த ராத்திரியே ஒரு வீடியோ சுற்ற ஆரம்பித்தது: பவுண்டரிக் கயிறு என்று சொல்கிறோமே, அந்த மெத்தை முதலில் இருந்த இடத்தில் இல்லை, நகர்ந்திருக்கிறது, கீழே வெள்ளைக் கோடு தெரிகிறது என்று. மூன்றாவது அம்பயர் பார்த்து அவுட் கொடுத்தாயிற்று. இருந்தாலும் ஜனங்களுக்குப் பேச ஒன்று வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் விளக்கும்போது தோன்றியது. புல்லின் மேல் நம் கயிறு கிடக்கும் பழைய போட்டோ ஒன்று இருந்தது. அதன் மேல் எழுதினேன்: "அது எங்க கயிறு இல்லீங்க. எங்க கயிறா இருந்திருந்தா ஒரு அங்குலம் நகர்ந்திருக்காது."

மொதலாளியிடம் கேட்கவில்லை. மேலே அண்ணன் எழுதி வாங்கின மாதிரித் தாள் எதுவும் என்னிடம் கிடையாது.

எட்டு மணிக்கு ஒரே சிரிப்பு. எப்போதும் பதினைந்து லைக் வாங்கும் பக்கத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பத்து மணிக்குக் காற்று மாறியது. "அப்ப கேட்ச் செல்லாதுங்கிறியா?" "தென்னாப்பிரிக்காவுக்குக் கயிறு ஏத்துமதி பண்றீங்களோ?" பதினோரு மணிக்கு பெங்களூரில் இருக்கும் மொதலாளி அண்ணன் மகனே கூப்பிட்டு, சித்தப்பாவுக்கு இது தெரியுமா என்று கேட்டார். கை நடுங்கிப் போய் அழித்துவிட்டேன்.

திங்கட்கிழமை மொதலாளி கூப்பிட்டார். போன் அவர் கையில், யாரோ எடுத்து வைத்திருந்த படம் அதில். கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு தடவை படித்தார். "அம்மிணி, நம்ம கயிறு நகராதுன்னு எழுதியிருக்கறயே, யாரு சோதிச்சுப் பார்த்தா?" என்றார். நான் முழித்தேன். "அடுத்தவாட்டி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்று சொல்லிப் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை அன்னூர்ப் பக்கமிருந்து ஒரு போன். அவர்கள் ஊரில் டென்னிஸ் பால் டோர்னமென்ட். இதுவரை சுண்ணாம்புக் கோடுதான் போட்டார்களாம், ஒவ்வொரு மேட்ச்சிலும் ஃபோரா இல்லையா என்று சண்டை. அந்தப் படம் அவர்களுடைய குரூப்பிலும் வந்திருக்கிறது. கட்டை விரல் தடிமனில், மைதானத்தைச் சுற்றி வளைக்க 350 மீட்டர், என்ன விலை ஆகும் என்று கேட்டார். விலை சொன்னேன், லாரி வாடகை தனி என்றேன், அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்றார். வைக்கப் போனவர் திரும்பக் கேட்டார்:

"ஏனுங்க, நகராதுங்களே?"