ரத்தம் கரைந்துவிட்டது என்கிறார்கள், பேச்சு ஏன் வரவில்லை?

கீழ்பவானி:
எங்க அப்புச்சிக்கு (அம்மாவோட அப்பா) 71 வயது, ஊர் கோபி பக்கம். இரண்டரை மாதத்துக்கு முன்னால் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பிரஷர் மாத்திரையை அவராகவே நிறுத்தியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. சிடியில் மூளையின் இடது பக்கம் ரத்தக்கசிவு, ரிப்போர்ட்டில் கேப்சுலோ கேங்க்லியானிக் பிளீட், அதாவது மூளையின் உள்ளாழத்தில் கசிவு என்று போட்டிருந்தது. போன வாரம் எடுத்த சிடியில் ரத்தம் கரைந்துவிட்டதாம். ஆனால் சொம்பைக் காட்டினால் "கயிறு" என்கிறார், தப்பு என்று அவருக்கே தெரிந்து முகம் சுருங்கிவிடுகிறது. ஒன்று, இரண்டு சொல்லுங்க என்றால் வாய் திறக்காதவர், நேற்று இடது கையில் தானியம் அளக்கிற வள்ளத்தைக் கொடுத்ததும், அளக்கும்போது ஒன்றுக்குப் பதில் லாபம் என்பார்களே, அப்படி "லாபம், ரெண்டு, மூணு" என்று ஏழு வரைக்கும் அளந்துகொண்டே போனார்! அம்மாயிக்கு (பாட்டிக்கு) அழுகையே வந்துவிட்டது. மாமாவோ, வேணும்னே பேசாம இருக்கார் என்று கோபப்படுகிறார். எம்ஆர்ஐ எடுத்தால் காரணம் தெரியுமா?

ஸ்கேன் ரூம்:
சிடி எடுப்பதுதான் என் வேலை. புது ரத்தம் படத்தில் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். பக்கவாதம் என்று வந்தாலே முதலில் சிடிக்கு அனுப்புவது அதனால்தான், கசிவா அடைப்பா என்று பார்க்காமல் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட்டால் கசிவுக்காரருக்கு அதுவே எமன். சில வாரத்தில் அந்த வெள்ளை மங்கும், கடைசியில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். கரைந்தது என்றால் ரத்தம் போய்விட்டது, அவ்வளவுதான். அறுந்த நரம்பிழை ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம் இல்லைங்க. எம்ஆர்ஐ எடுத்தால் அடியில் ரத்தக்குழாய்க் கோளாறோ கட்டியோ ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கலாம், ஆனால் இந்த வயதில், இந்த இடத்தில் என்றால் பெரும்பாலும் பிரஷர்தான் காரணம். உங்க டாக்டர் சொன்னால் எடுங்க. எத்தனை வார்த்தை திரும்பி வரும் என்று எந்தப் படமும் சொல்லாது.

பேச்சுப் பயிற்சி:
மாமாகிட்ட சொல்லுங்க, இது வீம்பு இல்லை, அஃபேசியா, மூளையில் மொழிக்கான இடம் அடிபட்டு வார்த்தை வராமல் போவது. நம்மில் பெரும்பாலானோருக்கு மொழி இடது மூளையில்தான் இருக்கிறது. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா, "டான்" என்பதைத் தவிர அநேகமாக வேறெதுவும் சொல்ல வராத ஒருவரின் மூளையை அவர் இறந்த பிறகு திறந்து பார்த்துத்தான் இடது முன்பகுதி கெட்டிருந்ததைக் கண்டார். 1971இல் லண்டனில் முதல் சிடி எடுத்த பிறகுதான் ஆள் உயிரோடு இருக்கும்போதே பார்க்க முடிந்தது. ஆனாலும் பேச்சை அளக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பேசித்தான் பார்க்க வேண்டும். "லாபம், ரெண்டு" எல்லாம் வாயில் ஊறிப்போன வரிசை. சாமி பாட்டு, கெட்ட வார்த்தைகூட அப்படித்தான் தப்பி நிற்கும். அதையே பிடித்துக்கொள்ளுங்க. அளந்துகொண்டே வரும்போது மூணில் நிறுத்தி, மூன்று தேங்காயைக் காட்டுங்க. டிவியை அணைத்துவிட்டு ஒருவர் மட்டும் பேசுங்க, வார்த்தையைத் தேடும்போது நீங்களே எடுத்துக் கொடுத்துவிடாதீங்க. முதல் சில மாதம் வேகமாக வரும், அதற்கப்புறமும் வரும்.

காங்கயத்து மருமகள்:
எங்க மாமியாருக்கு முதலில் வந்தது என் பேர் இல்லைங்க, எருமையோட பேர். ஒன்றரை வருஷம் கழித்துத்தான் என்னைக் கூப்பிட்டார், அதுவும் திட்ட!

கீழ்பவானி:
மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் மாத்திரை டப்பாவைத் தன் அறையில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். பயிற்சி கொடுக்கிறவர்கள் கோபியிலேயே யாராவது இருக்காங்களா, இல்லை ஈரோடுதான் போகணுமா?