புதுப்பிப்பு: கிட்ஹப் ஏற்க மறுத்த பெரிய கோப்பு, தீர்வு கிடைத்தது

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்புக்கு மாற்றங்களை அனுப்பும் 'கிட் புஷ்' கட்டளை, 100 எம்பியைத் தாண்டிய தரவுக் கோப்பு ஒன்றால் நிராகரிக்கப்படுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

கோப்பை அழித்துவிட்டுப் புதிய கமிட் (மாற்றங்களின் பதிவு) போடும் யோசனை பயன்படவில்லை. பழைய கமிட்டில் கோப்பு அப்படியே இருப்பதால், புஷ் செய்யும்போது வரலாற்றோடு அதுவும் சேர்ந்தே போகிறது. பெரிய கோப்புகளைத் தனியே சேமிக்கும் கிட் எல்எஃப்எஸ்ஸில் அந்தக் கோப்பு வகையைச் சேர்த்தாலும், இனி வரும் கமிட்டுகளுக்கு மட்டுமே அது பொருந்தும்.

பலன் தந்தது, கமிட் வரலாற்றை மாற்றி எழுதும் 'கிட் ஃபில்டர்-ரெப்போ' என்ற கருவி. அதைப் பரிந்துரைத்தவருக்குத் தனி நன்றி. வரலாற்றிலிருந்தே கோப்பை நீக்கிவிடுகிறது. புதிதாகக் குளோன் செய்த (வரலாற்றோடு முழுமையாக நகலெடுத்த) பிரதியில் ஓட்டுங்கள். மற்ற இடங்களில் எச்சரித்து நின்றுவிடும். அந்த எச்சரிக்கையைக் கட்டாயம் மதியுங்கள், மாற்றி எழுதிய வரலாற்றை மீட்பது கடினம்.

எதிர்பாராத ஒன்று: வேலை முடிந்ததும் 'ஆரிஜின்' முகவரியை, அதாவது புஷ் போய்ச் சேர வேண்டிய இடத்தின் முகவரியை, அந்தக் கருவியே எடுத்துவிட்டது. 'கிட் ரிமோட் ஆட்' கொடுத்துக் கிட்ஹப் முகவரியை மீண்டும் சேர்த்த பிறகே புஷ் ஏற்கப்பட்டது.

கோப்பு இடம்பெற்ற கமிட்டும் அதன் பின் வந்தவையும் புதிய ஹாஷ் (அடையாளக் குறியீடு) பெறுகின்றன. அவற்றை ஏற்கெனவே பகிர்ந்திருந்தால் குழுவினர் மறுபடியும் குளோன் செய்ய வேண்டும். எங்கள் கமிட்டுகள் வெளியே போகாததால் அந்தத் தேவை எழவில்லை.