41 வயதில் ஜப்பானிய மொழி: பயன் உண்டா?

கேள்வி
சென்னையில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரப் பிரிவில் இருக்கிறேன். வாடிக்கையாளர்கள் ஜப்பானியர்கள். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். இங்கிலீஷ் புத்தகம் வைத்துப் படித்தால் இலக்கணம் மண்டையில் ஏறவில்லை. டிசம்பரில் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலையான என்5 எழுதலாமா?

மறுமொழி 1
இங்கிலீஷை நடுவிலிருந்து எடுத்துவிடுங்கள். "கடைக்குப் போய் அரிசியை வாங்கினேன்" என்பது "மிசெ எ இத்தெ கொமெ ஒ கைமஷிதா". உருபுகூட இடம் மாறவில்லை. "இத்தெ" போல "தெ" என்று முடியும் தெ-வடிவம் நம் வினையெச்சம்தான். சாப்பிட்டுப் பார்ப்பது "தபெதெ மிரு". மிரு என்றாலே பார்ப்பதுதான். இங்கிலீஷ் புத்தகம் இதற்கு அரைப் பக்கம் விளக்கம் சொல்லும்.

தமிழர்கள் சறுக்குவது "இல்" உருபில். வீட்டில் இருக்கிறேன், வீட்டில் படிக்கிறேன், இரண்டும் நமக்கு ஒன்றே. அங்கே இருப்புக்கு "நி", செயலுக்கு "டெ". முதல் மாதத்திலேயே இதற்கு இருபது வாக்கியமாவது எழுதிப் பழகுங்கள், பிறகு திருத்துவது கஷ்டம்.

மறுமொழி 2
மேலே உள்ளது புரிவதற்குச் சரி, ஆனால் நோட்டில் தமிழ் எழுத்தில் குறிப்பு எடுக்கவே வேண்டாம். சாவிக்கும் சிப்பிக்கும் ஜப்பானியச் சொற்கள் வேறு வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் "ககி". ஜப்பானிய மொழியின் இரண்டு அடிப்படை எழுத்து வரிசைகளில் ஹிரகானா 46, கதகானா 46. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம், கையால் எழுதி முடியுங்கள். குறில் நெடில் நமக்குப் பழக்கம் என்பதால் அத்தையை "ஒபசன்" என்றும் பாட்டியை "ஒபாசன்" என்றும் காது உடனே பிரித்துவிடும். மற்றவர்கள் தடுமாறும் இடம் இது.

மறுமொழி 3
தேர்வு பற்றி. என்5-க்கு 180-இல் 80 வேண்டும். அது மட்டும் போதாது. கேட்டல் பகுதியில் 60-க்கு 19 தனியாக எடுக்க வேண்டும், மொழியறிவும் வாசிப்பும் சேர்த்து 120-க்கு 38. மொத்தம் தாண்டியும் கேட்டலில் போனவர்கள் உண்டு. ஒரு மணி நேரத்தில் கால் மணியாவது ஒலிப்பதிவுக்குக் கொடுங்கள். அங்கி (Anki) என்ற சொல் அட்டைச் செயலியில் நாளுக்குப் புதிதாக 10 சொல். 30 வைத்தால் ஒரே மாதத்தில் மறுபார்வையே முழு நேரத்தையும் விழுங்கும். விண்ணப்பம் தேர்வுக்குச் சில மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும், தேதியைப் பார்த்து வையுங்கள்.

பேச்சுத் தேர்வு கிடையாது. அதனால் என்5 சான்றிதழை வைத்துக் கூட்டத்தில் பேசிவிட முடியாது. உங்கள் வேலைக்கு உடனடிப் பலன் வேறு இடத்தில் இருக்கிறது: வரைபடத்திலும் ஆய்வுத் தாளிலும் திரும்பத் திரும்ப வரும் கான்ஜிகள் (சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்துகள்). சும்போ (அளவு), கோசா (அளவில் அனுமதிக்கும் விலகல்), கென்சா (ஆய்வு), ஃபுர்யோ (குறைபாடு). பாடத்திட்டத்துக்குக் காத்திராமல் இவற்றை இந்த வாரமே தொடங்குங்கள்.