நெரை பிடித்தது யார்?

குழு: சுங்கை சிப்புட் வீடு (மலேசியா)
ஞாயிறு

மாலை 6:10
கவி: (படம்) தாத்தா, பாரிஸில் ஷான்ஸெலிசே ரோட்டுக்கு நட்டநடுவில் நிற்கிறேன்! ஒரு கார்கூட இல்லை.

குட்டி: அக்கா, நம்ம பசார் ரோட்டில் இப்படி நின்றால் மோட்டார்காரன் ஏசிவிட்டுப் போவான்.

கவி: மாதத்தின் முதல் ஞாயிறு இங்கே வண்டி விட மாட்டார்கள், 2016-லிருந்து. மற்ற நாளில் 70 மீட்டர் அகலத்தைக் கடப்பதற்குள் விளக்கு மாறிவிடும். நீளம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர்.

சித்தி: பெரிய பெரிய கைப்பைக் கடையெல்லாம் அங்கேதானே? உள்ளே போனாயா?

கவி: வாசலில் கோட்டுப் போட்டவர் என் செருப்பைப் பார்த்தார் சித்தி. திரும்பிவிட்டேன். காப்பி மட்டும் குடித்தேன்.

மாமா: எவ்வளவு?

கவி: சொல்ல மாட்டேன்.

மாமா: ரிங்கிட்டில் சொல்.

கவி: மாட்டேன் லா.

தாத்தா: கடை வேண்டாம்

தாத்தா: மரத்தைக் காட்டு

மாலை 6:19
கவி: (3 படங்கள்) பிளேன் மரமாம். பட்டை திட்டுத் திட்டாக உரிந்து உள்ளே வெளிர் மஞ்சளாகத் தெரிகிறது. தொட்டுப் பார்த்தேன், நம்ம வீட்டுக் கொய்யா மரம் மாதிரியே. பக்கத்தையெல்லாம் மதில்சுவர் போலச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

தாத்தா: நெரை நேராக இருக்கிறது. யார் பிடித்தது

மாமா: 😄 ஊரே வெற்றி வளைவைப் பார்க்கப் போகிறது, அப்பா மர வரிசையைப் பார்க்கிறார்.

கவி: முதலில் பிடித்தவர் லெ நோத்ர், தாத்தா. பதினான்காம் லூயி ராஜாவின் தோட்டக்காரர். 1667-இல் அரண்மனைத் தோட்டத்திலிருந்து மேற்கே ஒரே கோடு போட்டு, இரண்டு பக்கமும் மரம் நட்டார். அப்போது இந்த இடமெல்லாம் வயலும் சதுப்பும்தான். கட்டடங்கள் ரொம்பப் பிறகு வந்தவை. உச்சியில் தெரிகிற வளைவை 1806-இல் நெப்போலியன் கட்டச் சொன்னார். 1836-இல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

தாத்தா: தோட்டக்காரனா

தாத்தா: அப்படித்தான் இருக்கும்

குட்டி: தாத்தா, நீங்கள் எப்படி நெரை பிடிப்பீர்கள்?

தாத்தா: கயிறு கட்டிக் குச்சி ஊன்ற வேண்டும். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் முதல் குச்சி மட்டும் தெரிய வேண்டும். பின்னால் உள்ளது எட்டிப் பார்த்தால் பிடுங்கி ஊன்று. கங்காணி முதுகுக்குப் பின்னாலேயே நிற்பார்

சித்தி: அந்தக் கித்தா (ரப்பர்) மரமெல்லாம் சாய்த்துச் செம்பனை வைத்து எத்தனை காலம் ஆயிற்று! அப்பா குச்சியைக்கூட மறக்கவில்லை.

கவி: இங்கே 1990-களில் நடைபாதை ஓரம் நின்ற கார்களைப் பூமிக்கடியில் அனுப்பிவிட்டு, இரண்டு பக்கமும் இன்னொரு நெரை நட்டார்களாம் தாத்தா.

தாத்தா: 👍

சித்தி: கோயில் ஏதும் இருக்கிறதா பக்கத்தில்?

கவி: கோயில் இல்லை சித்தி, விளக்கு இருக்கிறது. முதல் உலகப் போரில் செத்த பெயர் தெரியாத சிப்பாய் ஒருவரை வளைவுக்கு அடியில் புதைத்திருக்கிறார்கள். 1923-லிருந்து அங்கே தீபம் எரிகிறது. தினமும் மாலை 6.30-க்கு வந்து தூண்டிவிடுகிறார்கள். 1940-இல் ஜெர்மன்காரன் ஊரைப் பிடித்த பிறகும் நிறுத்தவில்லையாம். இந்த ரோட்டுப் பெயரே கிரேக்கக் கதையில் வீரர்கள் இறந்தபின் போய்ச் சேரும் வெளியின் பெயர்தான்.

மாலை 6:41
தாத்தா: என் அப்பா சப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் போடப் போனவர், திரும்பவில்லை

தாத்தா: எந்த மரத்தடியோ

மாலை 6:48
மாமா: அப்பா, தே தாரிக் கலக்கச் சொல்லியிருக்கிறேன். இதோ வருகிறேன்.

தாத்தா: கவி, விளக்குத் தூண்டும்போது வீடியோ எடு

கவி: கட்டாயம் தாத்தா. நமக்கு நடுராத்திரி 12.30 ஆகும். நீங்கள் தூங்குங்கள், காலையில் பார்க்கலாம்.

பின்னிரவு 12:52
கவி: (வீடியோ, 4 நிமிடம்) மரத்தடியிலிருந்தே நடந்துகொண்டு எடுத்தேன். கை கொஞ்சம் ஆடியிருக்கும்.

காலை 5:03
தாத்தா: பார்த்தேன்

தாத்தா: விளக்கு நன்றாக எரிகிறது

காலை 5:11
தாத்தா: நீ நடந்து வரும்போது இடது கைப் பக்கம் ஒரு மரம் இல்லை. குழி மட்டும் இருக்கிறது. அந்த இடத்தில் கன்று வைப்பார்களா, கேட்டுச் சொல்