பட்சர் பழங்காலப் பண்ணை: எவ்வளவு உண்மை, எவ்வளவு ஊகம்?

கேள்வி (தென்கரை):
நண்பர்களுக்கு வணக்கம். சவுதாம்ப்டனில் வசிக்கிறோம். அடுத்த மாதம் ஊரிலிருந்து வரவிருக்கும் அப்பாவையும், பள்ளியில் இரும்புக் காலம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கும் மகளையும் ஹாம்ப்ஷரில் உள்ள பட்சர் பழங்காலப் பண்ணைக்கு அழைத்துச் செல்லலாமா என்று யோசிக்கிறேன். இரும்புக் கால வட்ட வீடுகள், ரோமானிய மாளிகை, சாக்சன் கூடங்கள் என்று பல காலத்துக் கட்டடங்களை அங்கே எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் அகழாய்வில் பெரும்பாலும் தூண் நட்ட குழிகளின் தடங்கள்தான் கிடைக்கின்றன என்னும்போது, சுவரின் உயரத்தையும் கூரையின் சரிவையும் எதை வைத்து முடிவு செய்தார்கள்? அப்பா ஆயுள் முழுவதும் விவசாயம் பார்த்தவர். வேடம் கட்டி நடத்தும் வேடிக்கை என்று தோன்றிவிட்டால், வந்த வழியே திரும்பலாம் என்பார்.

மறுமொழி (சுண்ணாம்புக்குன்று):
உங்கள் கேள்வியே அந்தப் பண்ணை பிறந்த காரணம். 1972-இல் பீட்டர் ரெனால்ட்ஸ் என்ற தொல்லியலாளர் அதைத் தொடங்கியது சுற்றுலாவுக்காக அல்ல. அகழாய்வு அறிக்கைகளில் எழுதப்பட்ட ஊகங்களைக் கட்டியும் விதைத்தும் சோதித்துப் பார்ப்பதற்காக. வட்ட வீட்டுக்குள் நுழைந்ததும் நடுவில் அடுப்பு எரிவதையும், கூரை உச்சியில் புகைபோக்கித் துளை இல்லாததையும் கவனியுங்கள். துளை இருந்தால் காற்று மேல்நோக்கி இழுக்கப்பட்டு, தீப்பொறி கூரையில் பற்றும் ஆபத்து அதிகம். துளை இல்லாவிட்டால் புகை கூம்பின் உட்புறத்தில் திரண்டு, வேய்ந்த வைக்கோலின் வழியே மெல்லக் கசிகிறது. கூரையைப் பூச்சி அரிப்பதும் குறைகிறது. கூரைவீட்டில் விறகடுப்பு மூட்டிப் பழகியவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

அப்பாவுக்கு அதைவிடப் பிடிக்கக்கூடியது தானியக் குழியின் கதை. தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு நிலத்தில் ஏராளமாகக் காணப்படும் ஆழமான குழிகளில்தான் அக்கால மக்கள் குடியிருந்தார்கள் என்று ஒரு காலத்தில் அறிஞர்களே நம்பினார்கள். 1938–39-இல் சாலிஸ்பரி அருகே லிட்டில் உட்பரியில் அகழ்ந்த கெர்ஹார்ட் பெர்சு, அவை தானியச் சேமிப்புக் குழிகள் என்றும் மக்கள் வட்ட வீடுகளில் வாழ்ந்தார்கள் என்றும் காட்டினார். ஈரமான அந்த நாட்டில் குழியில் கொட்டிய தானியம் கெடாதா என்ற ஐயம் எழுவது இயல்பே. ரெனால்ட்ஸ் அத்தகைய குழியில் தானியத்தை நிரப்பி, வாயைக் களிமண்ணால் மூடிப் பார்த்தார். சுவரை ஒட்டிய மணிகள் ஈரம் பட்டு முளைவிடும்போது உயிர்வளியை உறிஞ்சிக் கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. வாயு நிறைந்ததும் முளைப்பு நின்று, உள்ளே இருக்கும் தானியம் விதைக்கும் தரத்திலேயே வசந்தம் வரை இருக்கிறது. ஓரத்தில் கெடும் கொஞ்சம்தான் மிச்சத்தைக் காப்பாற்றுகிறது. அங்கே பயிரிட்டுச் சோதித்த எம்மர் கோதுமையும் அப்பாவுக்கு அந்நியமாக இராது. நம்மூர்ச் சம்பா கோதுமை அந்த இனம்தான்.

மறுமொழி (வேல்ஸ்வாசி):
மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கூட்டிச் சொல்ல வேண்டும். பட்சரில் உள்ள வீடுகள் வெவ்வேறு இடங்களில் அகழ்ந்த தரைப்படங்களைக் கொண்டு வேறொரு நிலத்தில் கட்டப்பட்டவை; பண்ணையே 1991-இல்தான் இப்போதைய இடத்துக்கு வந்தது. பழைய ஊரின் மேலேயே நிற்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பெம்புரோக்ஷரில் உள்ள காஸ்டெல் ஹென்லிஸுக்கு வரலாம். அங்கே அகழாய்வில் வெளிப்பட்ட அதே தடங்களின் மீதே வட்ட வீடுகள் எழும்பியிருக்கின்றன. சவுதாம்ப்டனிலிருந்து அது நெடுந்தூரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊகத்தைப் பொறுத்தவரை, இடுப்பளவுக்கு மேல் தெரியும் பெரும்பாலானவற்றை "நின்றிருக்கக்கூடிய ஒரு வடிவம்" என்று மட்டுமே கொள்வது நல்லது. கூம்புக் கூரைக்கு ஏறத்தாழ 45 பாகைச் சரிவு தேவைப்படுவது மழைநீர் வடிய வேண்டும் என்ற கட்டாயத்தால். அதில் கற்பனைக்கு இடம் குறைவு. கதவின் வேலைப்பாடு, சுவரில் தீட்டிய வண்ணம், உள்ளே கட்டில் கிடக்கும் இடம் ஆகியவற்றில் கட்டியவரின் ரசனைக்கு நிறையவே இடம் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை, வழிகாட்டி அதை வாய்விட்டுச் சொல்லும் வரை. டார்செட்டில் அகழ்ந்த பிம்பெர்ன் வீட்டின் மாதிரியை ரெனால்ட்ஸ் 1976-இல் கட்டினார். 1990-இல் அதைப் பிரித்தபோது, தூண்களின் மண்ணுக்குள் புதைந்த பகுதி உளுத்துப்போயிருந்தும் வீடு அசையாமல் நின்றிருந்தது தெரியவந்தது. அடித்தூண் மக்கியதும் வீடு கைவிடப்பட்டிருக்கும் என்று கணக்குப்போட்டு வந்தவர்கள் அந்தக் கணக்கை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

மறுமொழி (பீட்டர்ஸ்ஃபீல்டுக்காரர்):
நடைமுறைக்குச் சில வார்த்தைகள். பண்ணை ஏ3 சாலைக்கு அருகில், சால்டன் கிராமத்தை ஒட்டி இருக்கிறது. கார் இல்லாமல் போவது சிரமம். வட்ட வீட்டில் புகை கண்ணை எரிக்கும் என்பதால், அப்பாவுக்கு மூச்சுத் தொந்தரவு இருந்தால் உள்ளே நெடுநேரம் உட்கார வைக்காதீர்கள். தாழ்வாக உட்கார்ந்தால் புகை குறைவாகத் தெரியும். மழை பெய்த மறுநாள் செருப்போடு போகாதீர்கள். நெசவு, உலோக வார்ப்பு போன்றவை எல்லா நாளும் நடப்பதில்லை. எந்த நாளில் என்ன செயல்விளக்கம் என்று அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துவிட்டு நுழைவுச்சீட்டு வாங்குங்கள்.