புதுப்பிப்பு: வெடித்துப்போன ‘அன்பன்’ (ஜப்பானிய இனிப்பு பன்) இம்முறை ஒழுங்காக வந்தது

அசுகி என்னும் சிறு சிவப்புப் பயற்றின் இனிப்புப் பூரணம் வைத்து வீட்டில் சுட்ட ஜப்பானிய பன்களான அன்பன்களில் பாதி அடியில் வெடித்துவிட்டன என்றும், மீதியில் பூரணத்துக்கு மேல் பெரிய வெற்றிடம் இருந்தது என்றும் முன்பு எழுதியிருந்தேன். அப்போது மாவைக் குறை சொன்னேன். தவறு பெரும்பாலும் பூரணத்தில்தான் இருந்தது.

இம்முறை, மசித்த பயற்றைச் சர்க்கரையுடன் கிளறும்போது, கரண்டியால் கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிந்து சில நொடிகள் மூடாமல் நிற்கும் பதம் வரும்வரை பொறுத்திருந்தேன். ஆறியபின் 40 கிராம் உருண்டைகளாகப் பிடித்துக் குளிரவைத்து, அதே எடையுள்ள மாவுக்குள் பொதிந்தேன். மாவு வட்டத்தின் நடுவைத் தடிமனாகவும் ஓரத்தை மெல்லியதாகவும் தேய்த்ததால், ஓரங்கள் கூடும் அடிப்பகுதி விரியாமல் ஒட்டிக்கொண்டது.

வெற்றிடத்துக்குக் காரணம், பூரணத்திலிருந்து எழும் நீராவி மேல்மாவைத் தூக்கிவிடுவதே. ஆகவே சுடுவதற்கு முன் நடுவில் விரலால் பூரணம்வரை அழுத்திக் குழி வைத்தேன். டோக்கியோவின் கிமுராயா கடையினர் 1874-இல் உருவாக்கிய அன்பன், 1875 ஏப்ரல் 4 அன்று மெய்ஜி பேரரசருக்கு அளிக்கப்பட்டபோது, அதன் நடுக்குழியில் உப்பிட்ட செர்ரிப் பூ பதிக்கப்பட்டிருந்தது. அந்தக் குழியை வெறும் அலங்காரம் என்றே இதுவரை எண்ணியிருந்தேன்!

180 டிகிரியில் 14 நிமிடங்களில் பன்னிரண்டும் முழுசாக வெந்தன. மணம் மட்டும் போதவில்லை. கிமுராயா கடையினர் அரிசியையும் கோஜியையும் (நொதிக்கவைக்கப் பயன்படும் பூஞ்சை வளர்த்த தானியம்) கொண்டு வளர்த்த புளிமாவைப் பயன்படுத்தினார்கள், நான் கடை ஈஸ்ட்டைப் போட்டேன்.