யூ உயிர்வேலியின் ஒரு முனை மட்டும் பழுப்பாகிறது: தண்ணீர் போதவில்லையா?

நிலவேம்பு:

வணக்கம். தோட்டத்தின் பின் எல்லையில் யூ என்ற பசுமைமாறா ஊசியிலை மரத்தால் உயிர்வேலி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், இலையுதிர் காலத்தில், 18 செடிகளை 50 செ.மீ. இடைவெளியில் நூல் பிடித்து ஒரே வரிசையாக நட்டேன். எல்லாம் டாக்சஸ் பக்காட்டா வகை. நடும்போது 60 செ.மீ. உயரம் இருந்தன.

முதல் 13 செடிகளில் ஒரு குறையும் இல்லை. நல்ல கரும்பச்சை, இந்தப் பருவத்தில் மட்டும் ஒரு சாணுக்கு மேல் துளிர். நிலம் மெல்லச் சரிந்து தாழ்கிற கடைசி முனையில் நிற்கும் ஐந்து செடிகள்தான் என் நிம்மதியைக் கெடுக்கின்றன. வசந்தத்தில் துளிர் சிறுத்து வந்தது. பிறகு இலைகள் மஞ்சளாயின. இப்போது இரண்டு செடிகள் துருப்பிடித்த இரும்பின் நிறத்துக்கு வந்துவிட்டன. வெயில்தான் வாட்டுகிறது என்று எண்ணி, சொட்டுநீர்க் குழாய் போதாதென்று தினமும் மாலையில் செடிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். மக்கிய தொழுவுரத்தைத் தண்டை ஒட்டிக் குவித்தேன். பலன் இல்லை. நடும்போதும் குறை வைக்கவில்லை: களிமண் நிலம் என்பதால் ஆழமாகக் குழி எடுத்து, அடியில் சரளைக்கல் பரப்பி, நயமான மண்கலவை நிரப்பித்தான் நட்டேன்.

இன்னொரு கேள்வி. வீட்டின் பக்கவாட்டில், முன்பு இங்கே குடியிருந்தவர்கள் வைத்த பழைய யூ வேலி இருக்கிறது. பல ஆண்டுகள் கவாத்து இல்லாமல் இரண்டு மீட்டருக்கும் மேல் அகலித்து, நடைபாதையில் பாதியை விழுங்கிவிட்டது. வெளிப்புறம் மட்டும்தான் பச்சை, உள்ளே வெறும் குச்சிகள். அடிமரம்வரை வெட்டினால் மறுபடி துளிர்க்காது, மொட்டையாகவே நின்றுவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா? சென்ற வாரம் மேலோட்டமாகக் கத்தரித்ததிலேயே நாலைந்து கூடைத் தழை சேர்ந்தது. குதிரைகள் மேயும் நிலத்தின் ஓரமாக, கம்பிவேலியை ஒட்டிக் குவித்திருக்கிறேன்.

கடிவாளம்:

நிலவேம்பு அவர்களே, மற்றதெல்லாம் பிறகு. அந்தத் தழைக் குவியலை இன்றே, இருட்டுவதற்குள் அகற்றிவிடுங்கள்.

யூவின் இலை, குச்சி, பட்டை, விதை எல்லாவற்றிலும் டாக்ஸைன் என்ற நஞ்சு இருக்கிறது. அது நேராக இதயத்தைத் தாக்கும். குதிரைக்கு மிகக் கொஞ்சம் போதும். வாடிக் காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை. அதனால் பழைய குவியலாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். கம்பிக்கு மேலே கழுத்தை நீட்டி எட்டுகிற தூரம் எவ்வளவு என்பது குதிரை வளர்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

நான் 11 ஆண்டுகளாகக் குதிரைகள் வளர்க்கிறேன். ஒருமுறை யாரோ கத்தரித்த யூ தழையை எங்கள் மேய்ச்சல் நிலத்துக்குள் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் போனபோது என் பழுப்புப் பெட்டைக்குதிரை விழுந்து கிடந்தது, வாயில் இன்னும் மென்று முடிக்காத ஊசியிலைகள். முந்தின மாலை என் கையில் தீவனம் தின்ற குதிரை அது. நோய்க்குறி என்று எதையும் பார்க்கவே எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. இதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

தார்ப்பாய் விரித்து முழுவதையும் அள்ளுங்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் சிதறியதையும் பொறுக்குங்கள். குதிரைக்காரரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், பெண் மரங்களில் வரும் சிவப்புப் பழத்தையும் கவனியுங்கள். சுற்றியுள்ள சதையில் மட்டும்தான் நஞ்சு இல்லை, உள்ளே இருக்கும் விதை நஞ்சு.

நூல்மட்டம்:

கடிவாளம் அவர்கள் சொன்னதை முடித்துவிட்டு வந்து இதைப் படியுங்கள்.

நான் 26 ஆண்டுகளாக உயிர்வேலி நட்டும் கத்தரித்தும் பிழைப்பவன். தண்ணீர் இல்லாமல் செத்த யூவைவிடத் தண்ணீரில் நின்று செத்த யூவைத்தான் அதிகம் தோண்டி எடுத்திருக்கிறேன். உங்கள் பதிவில் தாழ்கிற முனை, சரளைக்கல், தினமும் ஒரு வாளி என்ற மூன்றையும் படித்ததுமே எனக்கு வயிறு கலங்கியது.

வேர் காய்ந்தால் இலை காயும். வேர் அழுகினாலும் இலை காயும். அழுகிய வேரால் தன்னைச் சுற்றி நிற்கும் தண்ணீரைக்கூட உறிஞ்ச முடியாது என்பதால், மேலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே வாட்டமாகத் தெரியும். வளர்ப்பவர் பதறி இன்னும் ஊற்றுவார். செடி இன்னும் வேகமாகப் போகும். இலை மஞ்சளாகும்போது வேர் கெடத் தொடங்கிப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.

களிமண்ணில் வெட்டிய குழி ஒரு தொட்டி மாதிரி. அதற்குள் பொலபொலப்பான மண்ணை நிரப்பினால் சுற்றுப்புறத்து மழைநீரெல்லாம் அதைத் தேடி வரும், வெளியேற வழி இருக்காது. அடியில் போட்ட சரளை வடிகாலாக வேலை செய்யும் என்று பலரும் நம்புகிறார்கள். நான்கூட முதல் சில ஆண்டுகள் அப்படித்தான் நட்டேன். நயமான மண்ணில் உள்ள நீர் சரளைக்குள் எளிதில் இறங்காமல் அதற்கு மேலேயே தங்கிவிடுகிறது. ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு இன்னும் நெருக்கமாகிறது, அவ்வளவுதான். உங்கள் மேட்டுப்பக்கத்து 13 செடிகளும் இதே குழியில்தான் நிற்கின்றன, ஆனால் சரிவு அவற்றைக் காப்பாற்றுகிறது.

ஊகத்தை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். முதலில் குழாயை மூடுங்கள், வாளியை நிறுத்துங்கள், தண்டை ஒட்டிய உரத்தை விலக்குங்கள். அந்த முனையில், செடிகளிலிருந்து தள்ளி, 40 செ.மீ. ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடம் இப்போதைக்கு யூவுக்கு ஆகாது. பிறகு மிகவும் கெட்டுப்போன செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். நல்ல வேர் உறுதியாக இருக்கும், கீறினால் உள்ளே வெளிறிய நிறம் தெரியும். அழுகிய வேர் கறுத்திருக்கும், விரலால் இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வரும். தண்டின் அடியில் பட்டையைச் சுரண்டும்போது உள்ளே இலவங்கப்பட்டை நிறத்தில் கறை படர்ந்திருந்தால் பைட்டோப்தோரா என்ற வேரழுகல் நோய்க்கிருமி என்று ஐயப்படலாம். அதன் வித்துகள் மண் நீரில் நீந்திப் பரவுகிறவை. தேங்கிய நீர்தான் அதற்குப் பாதை.

இனி பழைய வேலி. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் லேலண்டி சைப்ரஸ் என்ற வேறொரு ஊசியிலை வேலிமரத்தை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அதை இலையற்ற பழுப்புக் கட்டைவரை வெட்டினால் துளிர்க்காது, உண்மை. யூ அப்படிப்பட்ட மரம் இல்லை. அதன் அடிமரத்துப் பட்டையிலிருந்தே புதுத் துளிர் கிளம்பும், ஊசியிலை மரங்களில் இது அரிய குணம். இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையின் தோட்டம் 1690களில் போடப்பட்டது. 300 ஆண்டுகளாகக் கத்தரிக்கோல் பட்டும் அங்கே யூ மரங்கள் நிற்கின்றன.

வேலியின் நான்கு புறத்தையும் ஒரே நாளில் மொட்டை அடித்துவிடாதீர்கள். கடும் பனி விலகி, துளிர் தொடங்குவதற்கு முன், வசந்தத்தில் ஒரு பக்கத்தை மட்டும், நடைபாதைப் பக்கத்தையே, அடிமரத்தை ஒட்டி வெட்டுங்கள். மறுபக்கத்தை அப்படியே விடுங்கள். அந்த இலைகள்தான் மரத்துக்குச் சோறு போடும். அடியில் உரமும் மூடாக்கும் இட்டு, வறண்ட வாரங்களில் தண்ணீர் விடுங்கள். (இந்த வேலிக்கு மட்டும்!) சில வாரங்களில் வெற்றுக் கட்டையில் பச்சைப் புள்ளிகள் தெரியும். எத்தனை முறை பார்த்திருந்தாலும் அந்தக் காலையில் நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் நின்றுவிடுவேன். அந்தப் பக்கம் நன்றாகத் தழைத்த பிறகு, ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து, மறுபக்கத்தை வெட்டுங்கள். மரம் நோஞ்சானாக இருந்தால் இந்த வைத்தியமே கூடாது. முதலில் தேற்றுங்கள், பிறகு வெட்டுங்கள்.

ஈரமண்:

நூல்மட்டம் ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். செத்த யூவைப் பிடுங்கிய அதே குழியில் நான் இரண்டு முறை புது யூ நட்டேன். இரண்டும் இரண்டாம் பனிக்காலத்தைத் தாண்டவில்லை. மூன்றாம் முறைதான் புத்தி வந்து, செடியை விட்டுவிட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நின்றேன். புல்வெளி நீர் முழுவதும் அந்த மூலைக்குத்தான் ஓடி வந்தது. மேட்டுப்பக்கம் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, துளையிட்ட குழாய் பதித்து, தண்ணீரை வேறு பக்கம் திருப்பினேன். பழைய மண்ணை அகற்றி, புதுமண்ணில் 30 செ.மீ. உயரத்துக்கு நீள வரப்பு எழுப்பி, அதன் மேல் நட்டேன். ஆறு ஆண்டுகளாகச் செழித்து நிற்கின்றன.

அவ்வளவு வேலை முடியாது என்றால் அந்த மூலைக்கு ஹார்ன்பீம் வையுங்கள். ஈரக் களிமண்ணைத் தாங்கும். இலையுதிர் மரம்தான், ஆனால் ஒழுங்காகக் கத்தரித்து வந்தால் பனிக்காலத்தில் காய்ந்த இலைகளைப் பெரும்பாலும் உதிர்க்காமல் வைத்திருக்கும், மறைப்பு கிடைக்கும்.

நிலவேம்பு:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். தழையை அன்று மாலையே அள்ளிவிட்டேன், குதிரைக்காரரிடமும் சொல்லிவிட்டேன். அவர் கம்பி ஓரமாக ஓர் அடி விடாமல் என்னோடு நடந்து தேடினார். கடிவாளம் அவர்களுக்கு என் நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

குழியில் மறுநாள் மதியம்வரை தண்ணீர் நின்றது. மோசமான செடியைப் பிடுங்கினேன், மண்ணில் சாக்கடை வாடை. வேரின் தோல் நீங்கள் சொன்னபடியே உறையாகக் கழன்று கையோடு வந்தது. தினமும் மாலையில் ஆசையாகத் தண்ணீர் சுமந்ததை நினைத்து அழுதேவிட்டேன். ஈரமண் அவர்கள் வழியில் வாய்க்காலும் வரப்பும் போடப்போகிறேன். வேலி முழுவதும் யூவாகவே இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. இரண்டு ஐயங்கள். மஞ்சளாக இருக்கும் மூன்று செடிகளை மேட்டுப்பக்கம் மாற்றி நடலாமா? நலமாக உள்ள 13 செடிகளின் நுனியை இப்போதே வெட்டினால் அடர்த்தியாகுமா?

நூல்மட்டம்:

மாற்றி நடாதீர்கள், அம்மா. வேரோடு ஒட்டிய மண்ணில் நோயும் கூடவே போகும். நல்ல 13 செடிகளுக்கு அருகில் அந்த மண் ஒரு பிடிகூடப் போகக் கூடாது. மண்வெட்டியையும் காலணியையும் கழுவாமல் மேட்டுக்கு ஏறாதீர்கள். பிடுங்கிய செடிகளை உரக்குழியில் போட வேண்டாம். மூன்றில் எதற்காவது பட்டையை நகத்தால் கீறும்போது அடிவரை பச்சை தெரிந்தால், தண்ணீரை நிறுத்திவிட்டு வசந்தம்வரை இருந்த இடத்திலேயே விட்டுப் பார்க்கலாம்.

நுனியைத் தொடாதீர்கள். வேண்டிய உயரத்தை எட்டும்வரை நடுத்தண்டு ஏறட்டும். ஆண்டுக்கு 20 முதல் 30 செ.மீ. வளரும், ஆளுயரம் வர இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பக்கவாட்டில் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை, கோடையின் கடைசியில், இலேசாகக் கத்தரியுங்கள். அடி அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழ்க்கிளைகளுக்கு வெளிச்சம் கிடைக்காமல் அடி மொட்டையாகும். நான் சரிவைக் கண்ணால் நம்புவதில்லை, இரண்டு முனையிலும் சாய்வாகக் குச்சி நட்டு நூல் கட்டிக்கொள்வேன்.

வரப்பு போட்டதும் உடனே நட்டுவிடாதீர்கள். ஒரு பனிக்காலம் மண் அமரட்டும். பெருமழை பெய்த மறுநாள் அந்த மூலையில் என்ன தெரிகிறது என்று இங்கே எழுதுங்கள், எத்தனை செடி வாங்குவது என்பதை அப்போது பேசுவோம்.